ரோஜாச் செடிகள் இருமிய மழைக்காலம்

மேலணை கட்டி முடிந்த இருபத்தேழாம் வருஷம், ஆனியில் பிடித்த மழை ஆடிப் பாதி வரைக்கும் விடாமல் பெய்து, கொடியில் காயப்போட்ட வேட்டி கொடியிலேயே பூஞ்சணம் பிடித்து, தீப்பெட்டியை மடியில் கட்டிச் சூடாக்கினால்தான் குச்சி பற்றும் என்று ஆகிவிட்ட ஒரு நாளில், மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனியாக மஞ்சு ஏறி வந்து அணைக்காலனியின் நாற்பத்திரண்டு வீடுகளையும் மூடியபோது, ஸ்டோர் கீப்பர் அருளப்பன் இருமினார்.

அருளப்பன் மாற்றலாகிப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. இருமியது அவருடைய செடி.

அந்தக் காலனியில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே யாருக்கும் சொந்த வீடு கிடையாது. வேலைக்கு வந்தவர்கள் மூன்று வருஷமோ ஏழு வருஷமோ இருந்துவிட்டு மாற்றல் வந்ததும் லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்கள். போகிற அன்று, கடைசி மூட்டையும் ஏறிய பிறகு, வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால், வாசலில் ஒரு ரோஜாக் குச்சியை நட்டுவிட்டுப் போகவேண்டும். அடுத்து வருகிறவர் அதற்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். செடிக்குப் போனவரின் பெயர். போனவர் பெயருள்ள செடியை யாரும் வெட்டக்கூடாது. ஆள் இல்லாத நேரத்தில் ஆள்மேல் கத்தி வைப்பது மரியாதை இல்லை என்பது அங்கே யாரும் எழுதிவைக்காத சட்டம். இப்படி இருபத்தேழு வருஷத்தில் பத்தடி வாசலில் ஐந்து, எட்டு, சில வீட்டில் பதினொரு செடி என்று சேர்ந்து, டிரைவர் சுப்பையாவின் கிளை எஸ்தர் டீச்சரின் கிளைக்குள் புகுந்து, அவர்களுக்குள் யார் பூத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி பின்னிக்கிடந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஒவ்வொரு வீட்டிலும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிகளின் தலையில் பீய்ச்சுவார்கள். அதற்குக் குளிப்பாட்டுவது என்று பெயர். "அருளப்பனைக் குளிப்பாட்டியாச்சா?" என்று ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குக் கேட்பது, சாப்பிட்டாச்சா என்று கேட்பது போல.

அதனால் செடி இருமுகிறதே என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. யார் இருமுகிறார்கள் என்றுதான் கேட்டார்கள்.

மதகு ஆபரேட்டர் ஆவுடையப்பன் டூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தார். ஐம்பத்தேழு வயசு, மெலிந்த உடம்பு, அணை அணையாக மாறி முப்பது வருஷமாக மதகைத் திறக்கும் முன் சங்கு ஊதி ஊதி, மற்ற நேரத்தில் சத்தமே வேண்டாம் என்று ஆகிவிட்ட மனிதர். அருளப்பனின் இருமலை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். பீடிக்காரர்களுக்கு உரிய இருமல். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பாதி வழியில் சிரிப்பு மாதிரி மாறி, மறுபடி இருமலாக முடியும்.

"விடமாட்டேன்னுட்டானே அந்த பீடிய," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இரண்டாம் நாள் சுப்பையா இருமினார். மூன்றாம் நாள் எஸ்தர் டீச்சர், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போல அடக்கமாக. ஐந்தாம் நாள் காலனியின் மேல் வரிசை முழுக்க இருமியது. மஞ்சு ஏறும்போது தொடங்கி, மஞ்சு இறங்கும்போது அடங்கும். அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் காதைத் தீட்டி, இது கணக்கர், இது பழைய ஏ.இ., இது யாரென்று தெரியலையே, ரொம்ப முந்தின ஆளாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஹெட்கிளார்க் வைத்திலிங்கம் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இருமும் பணியாளர்களுக்கு விதிப்படி மருத்துவ விடுப்பு தரலாம் என்றும், செடிகள் பணியாளர் பட்டியலில் இல்லை என்றும் பதில் வந்தது.

டிஸ்பென்சரி நர்ஸ் ரெஜினா சிஸ்டரைக் கூட்டிவந்தார்கள். நாகர்கோவில்காரி, யாருக்கும் பயப்படாதவள். ஸ்டெதஸ்கோப்பைச் சுப்பையாவின் தண்டில் வைத்து, குனிந்து, கண்ணை மூடிக் கேட்டாள்.

"சளி கெட்டியா இருக்கு," என்றாள்.

இருமல் மருந்தைத் தண்ணீரில் கலந்து வேரில் ஊற்றினார்கள். எறும்பு மொய்த்ததுதான் மிச்சம். நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்து, செடியைப் போர்வையால் மூடி ஆவி காட்டினார்கள். குளிர்தான் காரணம் என்று ஒருவர் சொல்ல, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலனியில் உள்ள மப்ளர்கள், சால்வைகள், பழைய ஸ்வெட்டர்கள், குரங்குக் குல்லாக்கள் எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்து செடிகளின் மேல் ஏறின. அருளப்பன் செடிக்குப் பச்சைக் குல்லா. எஸ்தர் டீச்சருக்கு ரோஸ் நிறத்தில் பின்னல் சால்வை. மஞ்சுக்குள் பார்த்தால் ஒவ்வொரு வாசலிலும் குள்ளமான ஆட்கள் கூட்டமாகக் குந்தி இருமிக்கொண்டிருப்பது போல இருக்கும். தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை. உடம்பு சரியில்லாதவர்களைக் குளிப்பாட்டலாமா என்று ஒரு விவாதம் நடந்து, வெந்நீரில் குளிப்பாட்டலாம் என்று முடிவானது.

வடிவின் செடி ஒன்பதாம் நாள் இருமியது.

வடிவு ஆவுடையப்பனின் மனைவி. நாலு வருஷத்துக்கு முன்னால், நெஞ்சுச் சளி முற்றிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு ஜீப் வந்து நின்றபோது, அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எஸ்தர் டீச்சரின் செடியில் ஒரு குச்சியை ஒடித்து வாசலில் நட்டாள்.

"என்னட்டி செய்யுத, ஜீப்பு நிக்கு," என்று ஆவுடையப்பன் கத்தினார்.

"மாத்தல் வந்தா வைக்கணும்லா."

"எந்த மாத்தல்? நாலு நாள்ல வந்துருவோம்."

அவள் கையைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தாள். பன்னிரண்டு நாளும் இருமல். ஆவுடையப்பன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இருமலுக்கும் முதுகைத் தடவிக்கொடுத்தார். பதிமூன்றாம் நாள் விடிகாலையில் இருமல் நின்றது. அப்பாடா, தூங்குகிறாள் என்று அவருக்கு அப்படி ஒரு நிம்மதி; பன்னிரண்டு நாள் தூக்கமும் ஒன்றாக வந்து கண்ணை அழுத்த, உட்கார்ந்தபடியே கட்டில் கம்பியில் தலையைச் சாய்த்தார். கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. அவள் இல்லை.

அதிலிருந்து அவருக்கு இருமல் நிற்பதென்றால் பயம். தெருவில் யாராவது இருமிவிட்டுச் சும்மா இருந்தால், அடுத்த மூச்சு வருகிறதா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

செடியின் இருமல் அச்சு அசல் அவளுடையது. குட்டையாக மூன்று இருமல். அப்புறம் ஒரு கனைப்பு. அந்தக் கனைப்புக்குப் பிறகு வடிவு ஏதாவது சொல்லுவாள்: சோறு ஆறுது, கதவு திறந்து கிடக்கு, மழை வருது. செடி கனைத்துவிட்டு நிறுத்திக்கொண்டது. ஆவுடையப்பன் வாசல்படியில் உட்கார்ந்து, அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தார். சொல் வரவில்லை. ஆனால் மறுநாளும் மூன்று மணிக்கு மூன்று இருமலும் கனைப்பும் வந்தன. அவர் டூட்டியைக் காலை முறைக்கு மாற்றி வாங்கிக்கொண்டார். இரண்டே முக்காலுக்கெல்லாம் ஸ்டூலை வாசலில் போட்டுவிடுவார். ஊரே கவலையில் இருந்த அந்த நாட்களில் அவர் ஒருத்தர் முகம் மட்டும் தெளிந்துகொண்டே வந்தது.

அந்த மாதத்தில்தான் லைன்மேன் நாகராஜ் புதிதாக மாற்றலாகி, ஆவுடையப்பனுக்குப் பக்கத்து வீட்டுக்கு, அதாவது அருளப்பன் இருந்த வீட்டுக்கு, பெண்சாதியோடு குடிவந்தான். அவள் பெயர் முனிரத்னா. ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் பத்து வருஷம் கிளை வெட்டிவிடும் கவாத்து வேலை பார்த்தவள். இரண்டு கட்டைவிரலிலும் முள் குத்திக் குத்திக் காய்த்துப் போயிருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கியவள், வாசலில் குல்லா போட்டுக்கொண்டு இருமிய செடியை ஒரு நிமிஷம் பார்த்தாள். சாமானை இறக்காமல், குல்லாவைத் தூக்கி உள்ளே இருந்து ஒரு இலையைக் கிள்ளினாள். இலையில் மை தெறித்தது போல வட்டவட்டமாகக் கறுப்புப் புள்ளிகள், ஓரம் பிசிறடித்து, சுற்றிலும் மஞ்சள் பாய்ந்திருந்தது.

"இது சளி இல்லக்கா," என்றாள், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ரெஜினாவிடம். "கரும்புள்ளி. பூஞ்சண நோய். எங்க ஊர்ல ஏக்கர் கணக்குல வரும்."

"உங்க ஊர்லயும் இருமுமா?"

"இருமாது. நாங்க பேர் வெக்கமாட்டோம்."

அவள் சொன்னது சுருக்கமாகத்தான் இருந்தது. செடி குளிரில் நடுங்கவில்லை; காற்று இல்லாமல் மூச்சு முட்டுகிறது. முதலில் குல்லாவையும் சால்வையையும் எடுக்கவேண்டும். சாயங்காலம் தலையில் தண்ணீர் ஊற்றினால் இலை ராத்திரி முழுக்க ஈரமாகவே கிடக்கும், அந்த ஈரம்தான் பூஞ்சணத்துக்குச் சோறு. இனி காலையில், வேருக்கு மட்டும். கீழே உதிர்ந்த இலைகளை ஒன்று விடாமல் பொறுக்கி எரிக்கவேண்டும். நோய் கண்ட கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, நடுவில் பின்னிக்கிடப்பதைக் கழித்து, செடிக்குச் செடி வெளிச்சம் தெரிய விடவேண்டும். அப்புறம்தான் மருந்து.

மற்ற எல்லாம் சரி என்றார்கள். வெட்டுவது என்றதும் கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"ஏம்மா, அருளப்பன் பெரிய குடும்பஸ்தன்," என்றார் வைத்திலிங்கம். "இங்க நீ கிளைய வெட்ட, அங்க அவன் கை கால் விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?"

"அவரையே கேளுங்க சார். அட்ரஸ் இருக்குமில்ல."

அஞ்சலட்டை எழுதினார்கள். காலனிக்கே உரிய மரியாதையோடு, தாங்கள் இங்கே சில நாட்களாக இருமிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும், தங்களை முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் குணமாகும் என்று ஒருவர் சொல்கிறார் என்றும், தங்கள் சம்மதம் தேவை என்றும் வைத்திலிங்கம் தம் கையாலேயே எழுதினார். எட்டாம் நாள் தபால்காரர் தங்கதுரை பதிலோடு மலையேறி வந்தார். வழியில் நாலு பேருக்குப் படித்தும் காட்டியிருந்தார். 'தாராளமாக வெட்டவும். என் வீட்டில் என் தலைமுடியை வெட்டக்கூட யாரும் என்னைக் கேட்டதில்லை. பீடியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது என்பதைச் செடிக்குத் தெரிவிக்கவும். அருளப்பன்.'

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மழை விட்டிருந்த நேரத்தில், முனிரத்னா அருளப்பனை வெட்டினாள். காலனி முழுக்கச் சுற்றி நின்றது. வெளிப்பக்கம் பார்த்த ஒரு மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக, ஒரே வெட்டு. ஒவ்வொரு கிளைக்கும் பிறகு கத்தரியை ரெஜினா சிஸ்டர் நீட்டிய ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அன்று மூன்று மணிக்கு மஞ்சு ஏறியது. அருளப்பன் இருமவில்லை. நாலு நாள் கழித்து அவரிடமிருந்து கேட்காமலே இன்னொரு அட்டை வந்தது: செவ்வாயன்று தமக்கு ஒன்றும் ஆகவில்லை, மூக்கடைப்பு மட்டும் விட்டிருக்கிறது, நன்றி.

அதற்குப் பிறகு தங்கதுரைக்கு ஓய்வில்லை. நாலு திசைக்கும் அட்டைகள் போயின, நாலு திசையிலிருந்தும் சம்மதங்கள் வந்தன. எஸ்தர் டீச்சர் தம் செடியைத் தாமே வந்து வெட்டுவேன் என்று அடம்பிடித்து, கடைசியில், சரி, பெண்பிள்ளை கையால்தான் வெட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். சுப்பையா காலமாகிவிட்டதாக அவர் மகன் எழுதியிருந்தான். அப்பாவுக்குப் பதில் தான் கையெழுத்துப் போடுவதாகவும், அப்பாவின் இருமலைக் கடைசியாக ஒருமுறை கேட்க வரலாமா என்றும் கேட்டிருந்தான். வந்தான். வெட்டுவதற்கு முந்தின நாள் மத்தியானம் செடிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று கேட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போனான்.

வெட்டி முடித்த வாசல்களில் மருந்து கலந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீரில் நூறு கிராம் மயில்துத்தம் என்ற நீல உப்பு, இன்னொன்றில் ஐந்து லிட்டரில் நூறு கிராம் நீற்றின சுண்ணாம்பு. துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் மெதுவாக ஊற்றிக் குச்சியால் கலக்கினால் வானத்தைக் கரைத்த மாதிரி ஒரு நீலம் வரும். முனிரத்னா தீட்டிய கத்தியை அதில் ஒரு நிமிஷம் முக்கி எடுப்பாள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். இன்னும் கொஞ்சம் சேர்ப்பாள். கத்தி வெள்ளையாகவே வந்தால் தெளிக்கலாம். கைத்தெளிப்பான் கிடைக்காதவர்கள் துடைப்பத்தை முக்கி உதறினார்கள். செடி நீலம், தரை நீலம், வாசல் சுவர் நீலம், வைத்திலிங்கத்தின் வழுக்கைத் தலையிலும் ஒரு வாரத்துக்கு நீலம்.

மூன்று மணி மஞ்சு நாளுக்கு நாள் அமைதியாகிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரே ஒரு வாசலில் மட்டும் இருமல் மிஞ்சியது.

ஆவுடையப்பன் குல்லாவை எடுக்கவிட்டார். தண்ணீரைக் காலைக்கு மாற்றினார். கத்தரியை மட்டும் கிட்டே விடவில்லை.

"எல்லாருக்கும் கடுதாசி வந்திருக்கு," என்றார் முனிரத்னாவிடம். "அவ அட்ரஸ் எனக்குத் தெரியாதேம்மா."

முனிரத்னா கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரிண்ணா. கீழ விழுந்த இலையையாவது நான் தினம் எடுத்துக்கறேன். மழைத்துளி விழுந்து தெறிக்கும்போது நோயும் சேர்ந்து மேல ஏறும்."

"எடுத்துக்கோ."

அவள் தினமும் காலையில் வந்து, குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டு போனாள். அது போதவில்லை. இரண்டு வாரத்தில், பக்கத்து வாசலில் புதுத்துளிர் விட்டிருந்த அருளப்பன் மறுபடி லேசாகத் தொண்டையைச் செருமினார். துளிரைத் திருப்பிப் பார்த்தால் குண்டூசித் தலையளவு கறுப்பு. எதிர்வரிசையிலும் அப்படியே. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. அந்தக் காலனியில் சண்டை போட்டுப் பழக்கமில்லை. அடுத்த வருஷம் யார் எங்கே இருப்போமோ. ஆனால் கடைக்கு ஆவுடையப்பன் வந்தால் பேச்சு நின்றது. வைத்திலிங்கம் மட்டும் நேராகச் சொன்னார்.

"ஆவுடை, ஒம் பொண்டாட்டி ஒருத்தி இருமி ஊரையே இரும வைக்கிறாய்யா. அவ இருந்தா இதுக்குச் சம்மதிப்பாளா?"

"அவ இருந்தா நான் ஏன் செடிகிட்ட உக்காந்திருக்கேன்?"

வைத்திலிங்கம் வெறும் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். தேங்காய் எண்ணெய் வாங்க வந்தவர், வாங்காமலே போய்விட்டார்.

ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்து யோசித்தார். வெட்டினால் இருமல் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். நாற்பத்தோரு வாசலில் பார்த்தாகிவிட்டது. ஆனால் அவர் பக்கத்திலேயே இருந்து பார்த்த ஒரே ஒரு இடத்தில், அந்த வார்டில், இருமல் நின்றபின் வந்தது குணம் இல்லை. செடியைப் பார்த்தார். ஒரு காலத்தில் மார்பளவு நின்று பூத்த செடி, கீழிருந்து மேலாக இலை உதிர்ந்து, உச்சியில் நாலைந்து மஞ்சள் இலையோடு, வெறும் முள்ளும் குச்சியுமாக நின்றது. வார்டில் கடைசி நாட்களில் அவள் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது ஞாபகம் வந்தது.

புரட்டாசி பிறந்து மூன்றாம் நாள், மூன்று மணிக்கு மஞ்சு ஏறியது. ஆவுடையப்பன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முதல் இருமல் வந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவது வரவில்லை. கனைப்புக்குக் காத்திருந்தார். கனைப்பதற்கு மூச்சு எட்டவில்லை. எட்டி எட்டிப் பார்த்து விட்டுவிட்டது போல ஒரு சின்னச் சீழ்க்கை மட்டும் தண்டுக்குள்ளிருந்து கேட்டது. அந்தச் சத்தத்தை அவர் வார்டில் பன்னிரண்டாம் நாள் கேட்டிருந்தார். அன்று அவர் கையில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது.

எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். முனிரத்னா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கத்தரியை எடுத்துட்டு வாம்மா," என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வெட்டும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். வெட்டியது ஆவுடையப்பன்தான். மதகு லீவரைத் தவிர வேறெதையும் அழுத்தத் தெரியாத கை, முதல் கிளையைக் கத்தரியால் கவ்வி நெரித்தது.

"நசுக்காதீங்கண்ணா. ஒரே வெட்டா வெட்டணும், அதுக்கு வலிக்காது."

"அதுக்கா, அவளுக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

கிளைகளின் உள்ளே தவிட்டு நிறம் ஓடியிருந்தது. தவிட்டு நிறம் தீர்ந்து வெள்ளைச் சதை தெரியும் வரைக்கும் கீழே கீழே வெட்டவேண்டியிருந்தது. மற்றவர்கள் செடி முழங்கால் உயரத்தில் நிற்க, வடிவின் செடி ஒரு சாண்தான் மிஞ்சியது. வெட்டுவாயில் நீலக் குழம்பைப் பூசினார்கள். ரெஜினா சிஸ்டர் காய்ந்த இலைகளையும் குச்சிகளையும் ஒரு தகரத்தில் போட்டு எரித்தாள். ஒருவரும் கூப்பிடாமலே காலனி வந்து நின்றிருந்தது. வைத்திலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மறுநாள் மூன்று மணிக்கு மஞ்சு ஏறியது. எதுவும் இருமவில்லை. காலனி முழுக்க, எத்தனையோ நாளைக்குப் பிறகு, மழைநீர் ஓட்டிலிருந்து சொட்டுவது கேட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வைத்திலிங்கத்துக்கு நிஜமாகவே ஒரு இருமல் வந்துவிட்டது. அத்தனை பேரும் திடுக்கிட்டு அவர் கால்மாட்டில் செடி எதுவும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு. மேல் வரிசையில் தொடங்கிக் கீழ் வரிசை வரைக்கும், மஞ்சுக்குள் முகம் தெரியாமல், யார் யாரோ சிரித்தார்கள்.

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த அமைதி பழக்கமானது.

அன்றிலிருந்து அவர் தூங்குவதை நிறுத்திக்கொண்டார். டூட்டியில் உட்கார்ந்து தண்ணீர் மட்டம் பார்ப்பார். வீட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து செடியைப் பார்ப்பார். கண்ணை மூடினால் போய்விடுவாள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ரெஜினா சிஸ்டர் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை தந்தாள். அவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பத்து நாளில் மற்ற வாசல்களில் துளிர் வந்துவிட்டது. எஸ்தர் டீச்சர் கொழுந்து கொழுந்தாக விட்டிருந்தார். சுப்பையா பக்கத்தில் இரண்டு புதுக் கிளையே கிளம்பியிருந்தது. வடிவின் செடி ஒரு சாண் குச்சியாக, நீலப் பூச்சோடு, அப்படியே நின்றது. பன்னிரண்டு நாள். பதினைந்து நாள்.

"தப்பு செஞ்சிட்டேனோம்மா," என்றார் பதினேழாம் நாள்.

முனிரத்னா குந்தி உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் பட்டையை ஒரு நூலளவு சுரண்டினாள். உள்ளே ஈரமாக, பாசிப்பயறின் தோல் நிறத்தில் பச்சை தெரிந்தது.

"பாருங்க. உள்ள இருக்காங்க," என்றாள். "வெளிய வரதுக்கு நேரம் ஆகுது, அவ்ளோதான். ரொம்ப நாள் படுத்திருந்தவங்க இல்ல?"

பத்தொன்பதாம் நாள் காலையில் ஆவுடையப்பன் டூட்டிக்குக் கிளம்பி, சட்டை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். மழை இரண்டு நாளாக விட்டிருந்தது. மலைமுகட்டுக்கு மேலே, ஆனி மாதத்துக்குப் பிறகு முதல்தடவையாக, வெயில் ஏறி வந்து வாசலில் இறங்கியது. முதலில் செடிமேல் விழுந்தது. அப்புறம் அவர் பாதத்தில், முழங்காலில், மடியில் இருந்த கையில். எங்கும் ஒரு சத்தமும் இல்லை. அவர் தலை மெதுவாகச் சாய்ந்து கதவு நிலையில் முட்டி நின்றது.

எட்டு மணிக்கு மதகுச் சங்கு ஊதவில்லை. அவருடைய முப்பது வருஷ வேலையில் அப்படி நடந்ததில்லை. என்னவென்று பார்க்க ஓடிவந்த நாகராஜ், வாசலில் தூங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்துவிட்டு, எழுப்பாமல் திரும்பிப் போய், பவர் ஹவுசில் இருந்த இன்னொரு ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு மதகுக்குப் போனான். எட்டே காலுக்குச் சங்கு ஊதியது, அவருக்குக் கேட்கவில்லை. வைத்திலிங்கம் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே பேனாவை வைத்து, கொஞ்சம் யோசித்து, மூடிவிட்டார். தபால்காரர் தங்கதுரை மணியை அடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அந்த வாசலைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் நுனிக்காலில் போனார்கள்.

கண் விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வெயிலைப் பார்த்ததும் அவருக்கு வார்டுக் கட்டில் ஞாபகம் வந்துவிட்டது. அதே வெயில். அதே அமைதி. எழுந்திருக்கப் பார்த்து, கால் மரத்துப்போய், ஸ்டூலிலிருந்து நழுவி மண்ணில் மண்டியிட்டார். முகத்துக்கு நேரே செடி இருந்தது.

வெட்டுக்குக் கால் அங்குலம் கீழே, வெளிப்பக்கம் பார்த்த மொட்டு வெடித்து, சிவந்த ஒரு துளிர் வந்திருந்தது. நகக்கண் அளவு. அதில் மடிந்திருந்த இலையை விரல் நுனியால் மெல்ல விரித்துப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

"கண்ணசந்துட்டேன், வடிவு," என்றார்.

பக்கத்து வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த முனிரத்னா தலையைத் தூக்கவில்லை. "தூங்குங்கண்ணா. நான் காலையிலேருந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். ஒம்பது மணிக்கு வந்துச்சு."

அவர் சட்டைப் பையிலிருந்த மாத்திரையை எடுத்து வாசலோர ஓடையில் எறிந்துவிட்டு, ஸ்டூலை நிழலுக்கு நகர்த்திப் போட்டு, மறுபடி சாய்ந்துகொண்டார். மூன்று மணிக்கு மஞ்சு வந்து அவரையும் செடியையும் சேர்த்து மூடியது. உள்ளே மூச்சு விடும் சத்தம் கேட்டது என்றும், அது இரண்டு பேருடையது போல இருந்தது என்றும் அந்த வழியாகப் போன ரெஜினா சிஸ்டர் சொன்னாள். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கவேண்டிய அவசியம் தனக்குத் தோன்றவில்லை என்றும் சொன்னாள்.